ஓரமாகப் போனால் மட்டும் போதாது: வேலூரில் புதிதாக சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு

வேலூரில் யாராவது புதிதாக சைக்கிள் எடுத்தால் வீட்டிலும் சரி, பஞ்சர் கடையிலும் சரி, எல்லோரும் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "ஓரமாப் போ." நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த ஊரில் சாலையோரம் என்பது மணல் சேர்ந்து கிடக்கிற இடம், கால்வாய் மூடி உடைந்து கிடக்கிற இடம், நிறுத்தியிருக்கும் காரின் கதவு திறக்கிற இடம், ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற சட்டென்று ஒதுங்குகிற இடம். அந்த ஓரத்தையே ஒட்டிக்கொண்டு போகிறவர் ஒவ்வொரு தடை வரும்போதும் வலது பக்கம் வெட்டி வெளியே வந்தாக வேண்டும், பின்னால் வருகிற பஸ் டிரைவருக்கு அது கொஞ்சமும் எதிர்பாராதது, ஆபத்து இருப்பது அந்த வெட்டில்தான்.

நீங்கள் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இதற்காகத்தான். காட்பாடி பக்கம் படிக்க வந்த மாணவர்கள், ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை முதல் தடவையாக மெயின் ரோட்டில் இறக்குகிற பிள்ளைகள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. அது வசதிதான், ஆனால் சாலையில் எப்படிப் போவது என்று யாரும் உங்களை உட்கார வைத்துச் சொல்லித் தரவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1. வண்டியைச் சரி பார்ப்பது

புது சைக்கிளோ பழைய சைக்கிளோ, ஓட்டுவதற்கு முன் சீட் உயரத்தைச் சரி செய்யுங்கள். புதிதாக ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு கால் விரல்களையும் தரையில் ஊன்ற முடிய வேண்டும், பழகின பிறகு கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். அளவுக்குப் பெரிய சைக்கிளில் பிள்ளையை ஏற்றிவிட்டு "வளர்ந்தா சரியாயிடும்" என்று விடுவது வேண்டாம், நெரிசலில் கால் ஊன்ற முடியாத பிள்ளை சாய்வது வண்டிகள் போகிற பக்கமாகவும் இருக்கலாம்.

பிரேக் லீவரை அழுத்தினால் ஹேண்டில் பாரைத் தொடக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மில் பட வேண்டும், டயரில் உரசக் கூடாது. டயரில் காற்று, செயினில் எண்ணெய், வேலை செய்கிற பெல். அவ்வளவுதான், இதற்கு மேல் கியர் வண்டி வேண்டும், விலை உயர்ந்த வண்டி வேண்டும் என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தலைக்கு ஹெல்மெட் போடுங்கள். பைக் ஹெல்மெட் வெயிலில் தாங்காது, கழுத்தும் வலிக்கும். சைக்கிளுக்கென்று லேசாக, காற்றோட்டத்தோடு வருவதை வாங்குங்கள், உள்ளே ஈ.என். 1078 என்ற தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைகிற அளவு இறுக்கம் போதும்.

2. கண்ணில் படுவது

ஒரு கணக்கைச் சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. டிரைவர் உங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, காலை பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வையுங்கள், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே 25 மீட்டர் போய்விடும். நின்று முடிப்பதற்கு அதற்கும் மேலே தூரம் வேண்டும். ஆகவே 20 மீட்டரில் கண்ணுக்குத் தெரிந்து பயனில்லை, 100 மீட்டருக்கு முன்பே தெரிய வேண்டும்.

சாயந்திரம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரைதான் மோசமான நேரம். ஷூ கம்பெனி பஸ்களும் ஸ்கூல் வேன்களும் ஒன்றாகத் திரும்புகிற நேரம், வெளிச்சமும் இல்லை, முழு இருட்டும் இல்லை. எதிரே ஒருவர் ஹெட்லைட்டை பிரைட்டில் வைத்து வந்தால் பின்னால் வருகிற டிரைவருக்குக் கண் கூசி, முன்னால் போகிற சைக்கிள் அந்த வெளிச்சத்துக்குள் காணாமல் போய்விடும். அதனால் பின்பக்கம் சிவப்பு லைட் கட்டாயம், சார்ஜ் போடுகிற சின்ன லைட்டே போதும், மினுக்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கீழே பார்த்து மாட்டாமல் பின்னால் வருகிறவரின் கண்ணைப் பார்க்கிற மாதிரி நேராக மாட்டுங்கள். முன்னால் வெள்ளை லைட். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் (பெடல் மேலும் கீழும் ஆடுவதால் தூரத்திலேயே சைக்கிள் என்று தெரிந்துவிடும்).

காசு செலவழிக்க முடியாதவர்கள் ஸ்டிக்கர் கடையில் லாரிக்கு ஒட்டுகிற சிவப்பு வெள்ளைப் பட்டை கேளுங்கள், ஒரு சாண் வாங்கி பின் மட்கார்டிலும் கேரியரிலும் ஒட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். டியூஷன் முடிந்து இருட்டில் வருகிற பிள்ளைகளின் புத்தகப் பையின் பின்னாலும் ஒட்டிவிடுங்கள்.

3. மெயின் ரோட்டுக்கு முன்னால் பழக வேண்டியது

இரண்டு வித்தைகள் கைவந்தால் போதும். ஒன்று, வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சைக்கிள் கோணாமல் நேராகப் போவது. இரண்டு, ஒரு கையை நீட்டி சைகை காட்டிக்கொண்டு மறு கையால் ஓட்டுவது. ஞாயிறு காலையில் கோட்டை மைதானம் பக்கம், சத்துவாச்சாரி பேஸ் 2, பேஸ் 3 தெருக்கள், காட்பாடி காந்தி நகர் உள்தெருக்கள் என்று பழக நல்ல இடங்கள் இருக்கின்றன. தெருவில் ஒரு நேர்கோட்டை மனதில் போட்டுக்கொண்டு அதன் மேலேயே போங்கள், கூட வருகிற நண்பரைப் பின்னால் நின்று விரல்களைக் காட்டச் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லுங்கள். சைக்கிள் கோணினால் இன்னும் பழக வேண்டும், ஆற்காடு சாலைக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

4. சாலையில் எங்கே போவது

இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள்.

தார் ரோட்டின் இடது விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உள்ளே தள்ளிப் போங்கள். அங்கே மணல் குறைவு, கண்ணாடித் துண்டு குறைவு, பள்ளம் வந்தால் இடது பக்கம் ஒதுங்கவும் இடம் இருக்கும். பின்னால் வருகிறவருக்கும் நீங்கள் சாலையில் போகிற ஒரு வண்டியாகத் தெரிவீர்கள், சாலைக்கு வெளியே போகிற ஆளாகத் தெரியமாட்டீர்கள்.

வரிசையாக கார் நிற்கிற இடங்களில், ஒரு கதவு முழுதாகத் திறந்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு தள்ளிப் போங்கள், அதுவும் ஒரு மீட்டர்தான். இரண்டு காருக்கு நடுவே இடைவெளி இருக்கிறதே என்று உள்ளே போய் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் வெளியே வந்து ஓட்டாதீர்கள். நேராகவே போங்கள். நீங்கள் உள்ளே போன அந்த நேரத்தில் பின்னால் வருகிறவர் ஆக்சிலேட்டரை அழுத்தியிருப்பார்.

ரோடு குறுகலாகி, சைக்கிளும் காரும் பக்கத்துப் பக்கத்தில் போக இடம் இல்லாத இடம் வந்தால் (வெட்டிப்போட்ட ரோடு, ஒரு பக்கம் மண் குவித்த ரோடு எல்லாம் நம் ஊரில் சகஜம்), பின்னால் பார்த்து, கை காட்டி, நீங்கள் போகிற பாதையின் நடுவுக்கு வாருங்கள். ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அந்தக் குறுகின இடம் முடியும் வரை அங்கேயே போய், அகலம் வந்தவுடன் ஒதுங்கி, கையால் "போங்க" என்று காட்டுங்கள். இடம் இல்லாத இடத்தில் நீங்கள் ஓரத்துக்குப் போய்விட்டால் பின்னால் வருகிறவர் உரசிக்கொண்டாவது நுழைந்துவிடலாம் என்று முயற்சி செய்வார். நடுவில் இருந்தால் அந்த முயற்சிக்கே வழியில்லை, கொஞ்சம் திட்டுவார், திட்டு வாங்குவதால் கை கால் உடையாது.

ஹாரன் என்றதும் பதறாதீர்கள். நம் ஊரில் முக்கால்வாசி ஹாரனுக்கு "வந்துக்கிட்டு இருக்கேன்" என்றுதான் அர்த்தம். ஹாரன் கேட்டதும் ஹேண்டில் பாரை வெடுக்கென்று திருப்புவதுதான் கெடுதல். போகிற கோட்டிலேயே நேராகப் போங்கள், வேண்டுமானால் மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். திரும்பிப் பார்த்தாலே பெரும்பாலான டிரைவர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள், முகம் தெரிந்துவிடுகிறது இல்லையா. காதில் இயர்போன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

லாங் பஜார் மாதிரி கூட்டமான கடைத்தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அங்கே ஓட்டினாலும் நடந்தாலும் ஒரே நேரம்தான்.

5. திரும்புவது

இடது பக்கம் திரும்புவது சுலபம், விட்டுவிடுகிறேன்.

வலது பக்கம் திரும்ப, சந்திப்புக்கு ஒரு 30 மீட்டர் முன்னாலேயே பின்னால் பாருங்கள். இடம் இருந்தால் வலது கையை நேராக நீட்டி இரண்டு மூன்று நொடி அப்படியே வைத்திருங்கள், மறுபடி ஒரு தடவை பாருங்கள், அப்புறம்தான் நகருங்கள். பார்ப்பது, காட்டுவது, பார்ப்பது, நகர்வது. இந்த வரிசை மாறக் கூடாது. கை காட்டிவிட்டேன் என்பதற்காக யாரும் நின்றுவிடுவார்கள் என்று நம்பாதீர்கள், கை காட்டுவது வழி கேட்பதுதான், வழி கிடைத்ததா என்று பார்த்துத்தான் போக வேண்டும்.

கூட்டம் அதிகமாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. நேராகவே போய், சந்திப்பைக் கடந்து, இடது ஓரத்தில் நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்து, குறுக்கே போகிற வண்டிகளோடு சேர்ந்து போங்கள். அல்லது இறங்கி நடந்து கடந்துவிடுங்கள். ரவுண்டானாவில் உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறவருக்குத்தான் முதல் வழி, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும்.

எதிர்த்திசையில் ஓட்டாதீர்கள். சர்வீஸ் ரோட்டில் "இங்க இருந்து அங்கதானே, எதுக்கு சுத்திக்கிட்டுப் போகணும்" என்று ஆப்போசிட்டில் போகிறவர்களை தினமும் பார்க்கலாம். நீங்கள் 15-இல், எதிரே வருகிறவர் 40-இல் என்றால் இரண்டும் கூடி 55. அதைவிடப் பெரிய சிக்கல், சந்திலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற எந்த டிரைவரும் வண்டி வருகிற வலது பக்கத்தைத்தான் பார்ப்பார், நீங்கள் வருகிற இடது பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். சுற்றிப் போக மனமில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

6. பஸ், லாரி, டிப்பர்

இங்கே டிரைவர் உட்காருவது வலது பக்கம். லாரியின் இடது பக்கத்தில், முன் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து பின்னால் வரை, கண்ணாடியில் சரியாகத் தெரியாத இடம் நிறைய. சிக்னலில் நிற்கும் லாரிக்கு இடது பக்கமாக நுழைந்து முன்னால் போய் நிற்கிறோமே, அது சைக்கிள்காரர் செய்யக்கூடியவற்றிலேயே ஆபத்தானது. பச்சை விழுந்து லாரி இடது பக்கம் திரும்பினால் அதன் பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி உங்களைத் தாண்டிப் போய்விட்டது என்று நீங்கள் மூச்சு விடுகிற நேரத்தில் பின் சக்கரம் உங்கள் மேல் இருக்கும். லாரிக்குப் பின்னாலேயே நில்லுங்கள். அதன் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்கள் முகம் தெரியவில்லை.

டவுன் பஸ் வேறு மாதிரி. பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே ஓடுகிற 1, 2 நம்பர் பஸ்களை நீங்கள் வழி நெடுகச் சந்திப்பீர்கள். பஸ் உங்களைத் தாண்டும், ஸ்டாப்பில் நிற்கும், நீங்கள் அதைத் தாண்டுவீர்கள், மறுபடி அது உங்களைத் தாண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆபத்து. ஆகவே இந்த விளையாட்டே வேண்டாம், பஸ் ஸ்டாப்பில் நின்றால் பின்னால் நில்லுங்கள், அரை நிமிடத்தில் கிளம்பிவிடும், அதற்கப்புறம் அது முன்னால், நீங்கள் பின்னால். நின்ற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே மட்டும் நுழையாதீர்கள், இறங்குகிற பாட்டி உங்கள் சக்கரத்தின் மேல்தான் கால் வைப்பார்.

ஷேர் ஆட்டோவைப் பொறுத்தவரை, ஓரத்தில் யாராவது கை நீட்டினால் அது நிற்கும். முன்னால் போகிற ஆட்டோவைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் நிற்கிற ஆட்களைப் பாருங்கள்.

7. வேலூரின் சில இடங்கள்

கிரீன் சர்க்கிள்: நெடுஞ்சாலைப் போக்குவரத்து, காட்பாடி போகிற வண்டிகள், புது பஸ் ஸ்டாண்டு பஸ்கள் எல்லாம் ஒன்றாகக் கலக்கிற இடம். பழகுகிற வரை இறங்கி, நடப்பவர்களோடு சேர்ந்து கடந்துவிடுங்கள்.

பாலாற்றுப் பாலம்: கைப்பிடிச் சுவரோரம் மணல் சேர்ந்திருக்கும், திறந்தவெளி என்பதால் பக்கவாட்டுக் காற்று சைக்கிளைத் தள்ளும், பெரிய வண்டி தாண்டிப் போகும்போது காற்று முதலில் தடைபட்டு அப்புறம் சட்டென்று இழுக்கும். இரண்டு கையாலும் பிடித்து, சுவரிலிருந்து தள்ளியே போங்கள். மணலில் முன் பிரேக்கைத் தனியாகப் பிடித்தால் சறுக்கும்.

காட்பாடி ரயில்வே மேம்பாலம்: ஏற்றத்தில் வேகம் குறைய குறைய சைக்கிள் இரு பக்கமும் ஆடும், அந்த நேரத்தில்தான் பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழப்பார்கள். ஆட்டம் தொடங்கினாலே இறங்கித் தள்ளுங்கள்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஐடா ஸ்கடர் சாலை: வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த நோயாளிகள், துணைக்கு வந்தவர்கள், ஊர் தெரியாமல், கவலையோடு நடக்கிறவர்கள். திடீரென்று குறுக்கே வருவார்கள். இங்கே பலவீனமானவர் அவர்கள், வழி விட வேண்டியவர் நீங்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இடது பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை: சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதிலேயே போங்கள். மெயின் பாதையைக் குறுக்கே கடக்க சுரங்கப்பாதை, மேம்பாலம் எவ்வளவு தூரம் இருந்தாலும் அங்கே போய்க் கடங்கள், நடுவில் உள்ள இடைவெளியில் சைக்கிளைத் தூக்கிப் போடாதீர்கள். திருவண்ணாமலை சாலையில் பௌர்ணமி நாளின் சாயந்திரமும் இரவும் கிரிவலத்துக்குப் போகிற வண்டிகள் குவியும், அன்று அந்தப் பக்கம் சைக்கிளில் போகாமல் இருப்பதே நல்லது.

8. வெயில், மழை, நாய்

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். காலை எட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்பாதீர்கள், தலை சுற்றினால் நிழலில் உட்காருங்கள். மயக்கத்தோடு மெயின் ரோட்டில் ஓட்டுவதைவிடத் தாமதமாகப் போவது மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது, இரண்டு மடங்கு தூரம் முன்னாலேயே பிடிக்கத் தொடங்குங்கள். தேங்கிய தண்ணீருக்குள் திறந்த கால்வாய் இருக்கலாம், முன்னால் போகிற வண்டி எந்த வழியில் போனதோ அதே வழியில் போங்கள்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்க வேண்டாம். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள், இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிள் இருக்கிற மாதிரி நில்லுங்கள். பெரும்பாலும் அதோடு விட்டுவிடும்.

9. கார், பைக், பஸ் ஓட்டுகிறவர்களுக்கு

உங்களில் பலரும் ஒரு காலத்தில் சைக்கிள் ஓட்டினவர்கள்தான். சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள், விட இடம் இல்லையென்றால் தாண்டாதீர்கள், பத்து நொடி பின்னால் வாருங்கள். முன்னால் போகிறவர் பள்ளத்தைப் பார்த்து விலகலாம், பள்ளம் அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. சைக்கிளைத் தாண்டின உடனே இடது பக்கம் வெட்டித் திரும்பாதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஏர் ஹாரன் அடிக்காதீர்கள், வயசானவர் அதிர்ச்சியிலேயே விழுந்துவிடுவார். ராத்திரியில் எதிரே சைக்கிள் வந்தாலும் டிம் பண்ணுங்கள், எதிரே லாரி வந்தால் மட்டும் செய்கிற மரியாதை அல்ல அது.

கார் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இடது கையை வலது கதவுக்குக் கொண்டுபோனால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் வலது கையால் திறக்க வேண்டும்.

10. அடிபட்டால்

முதலில் ரோட்டிலிருந்து விலகி உட்காருங்கள், தலையிலோ கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் அசையாமல் படுத்திருந்து மற்றவர்களை வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். 108-க்குக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள்.

பக்கத்தில் இருக்கிறவர்களும் பயப்பட வேண்டாம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134-ஏ பிரிவின்படி, நல்ல எண்ணத்தில் உதவி செய்தவர் மேல் வழக்கு வராது, பெயர் விவரம் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

வண்டி நம்பரை உடனே போனில் படம் எடுங்கள், எடுக்க முடியாவிட்டால் சத்தமாகச் சொல்லுங்கள், யாராவது ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். "ஒண்ணும் ஆகலை, விடுப்பா" என்று அங்கேயே பேசி அனுப்பிவிடாதீர்கள், தலையில் அடிபட்டது சில சமயம் ராத்திரிதான் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, ரசீதையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் கேட்டு வாங்குங்கள். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து நஷ்ட ஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள். மோதிய வண்டி நிற்காமல் போய், எந்த வண்டி என்றே தெரியாமல் போனாலும் வழி இருக்கிறது. பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுக்கிற மத்திய அரசுத் திட்டம் 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரே பையில் போட்டு வையுங்கள், மனு போடும்போது அந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள்.